ஏரியிலிருந்து கரையேறிய வீடு

பனி என்னும் ஒரே சொல்லால் நாம் எத்தனையோ பொருள்களைக் குறிக்கிறோம். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. கோடைக்கானல் மலையைப் புகைபோல் மூடுவதும் பனி. தூத்துக்குடியில் கோயில் கொண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் திருவிழாக் காணும் நம் அன்னையின் திருப்பெயரில் விளங்குவதும் பனியே. உரோமை நகரின் குன்றொன்றில் கோடை நடுவே வெண்பனி பொழிந்தது என்ற மரபுச் செய்தியைக் கேட்டு, வெண்பனியைக் கண்ணாலும் காணாத நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பனிமய மாதாவை அழைத்து வந்தனர். ஆயின் ஆண்டில் நான்கைந்து திங்கள் பனியோடு வாழும் மக்களுக்கு இந்த ஒரு சொல் போதாது. வானிலிருந்து பஞ்சுபோல் விழும் வெண்பனி வேறு. ஏரிநீர் உறைந்து கல்லாகும் பனிக்கட்டி வேறு. வெண்பனியும் நீரும் கலந்து கூழாகும் பனிச்சேறு வேறு. இம்மூன்றும் ஒன்றோடொன்று போரிடும் ஓரிடத்தை 2023-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நாங்கள் கண்டோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில், கனடாவை ஒட்டி அமைந்தது மினசோட்டா மாநிலம். அதன் பெருநகரான மினியாப்பொலிசிலிருந்து வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சென்றால் மில் லாக்ஸ் என்னும் ஏரி வரும். பிரெஞ்சு மொழியில் அப்பெயருக்கு ஆயிரம் ஏரிகள் என்று பொருள். பரப்பு ஏறத்தாழ 536 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. கடலோ என்று மயங்கத் தோன்றும். ஆழமோ மிகுந்த இடத்திலும் 42 அடிதான். ஏரியின் தென்பாகம் செயின்ட் கிளவுட் மறைமாவட்டத்தையும், வடபாகம் டுலூத் மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. அப்படியானால் நடு ஏரியில் நீந்தும் மீன்கள் எந்த ஆயரின் மந்தை என்று எங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டோம்.

இவ்வேரிக்கரைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி வந்திருக்கிறார் என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழ்வர். பிரான்சிஸ்கன் மரபின் ரெக்கொலெக்ட் பிரிவைச் சேர்ந்த லூயி ஹென்னெப்பின் என்ற குருவானவரை 1680-ஆம் ஆண்டு வசந்தத்தில் டக்கோட்டா மக்கள் சிறைப்பிடித்து, இவ்வேரியை அடுத்த தங்கள் ஊர்களுக்குக் கொண்டுவந்தனர். அவ்வாண்டுக் கோடையில் டியூலூத் என்ற பிரெஞ்சு வீரர் வந்து அவரை மீட்டார். டுலூத் நகரும் மறைமாவட்டமும் தாங்கி நிற்பது அந்த வீரரின் பெயரையே. ஹென்னெப்பின் அடிகளார் மிசிசிப்பி ஆற்றில் கண்ட பேரருவி ஒன்றுக்குக் கோடி அற்புதராம் பதுவைப் புனித அந்தோணியாரின் பெயரைச் சூட்டினார். அந்த அருவியைச் சுற்றியே பின்னர் மினியாப்பொலிஸ் நகர் வளர்ந்தது. மீன்களுக்குப் பிரசங்கித்தவர் என்று போற்றப்படும் புனிதரின் பெயர் இத்தனை ஏரிகள் நிறைந்த நாட்டில் நிலைத்தது பொருத்தமே. அடிகளார் பிற்காலத்தில் எழுதிய நூல்களில் மிகைப்படுத்திக் கூறியவை பல உண்டு என்பர் வரலாற்றாசிரியர். எனினும் ஏரியின் தென்கிழக்குக் கரையில் அவர் பெயரால் ஒரு மாநிலப் பூங்கா இன்றும் இருக்கிறது. அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மண்ணில் வாழ்ந்த மக்களுக்கு இவ்வேரி புனிதமானது. பின்னர் வந்து நிலைத்த ஒஜிப்வே மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இக்கரையில் வாழ்கின்றனர். 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கு அளித்த மீன்பிடி உரிமை செல்லும் என்று 1999-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குளிர்காலத்தில் இவ்வேரியின்மேல் ஓர் ஊரே எழுந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான சிறு வீடுகள், அவற்றினிடையே பனி ஒதுக்கிய சாலைகள், சாலைகளுக்குப் பெயர்ப்பலகைகள்! பனிக்கட்டி வெடித்துப் பிளந்த இடங்களில் தற்காலிகப் பாலங்களும் உண்டு. கரையிலுள்ள விடுதிக்காரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு இச்சாலைகளைப் பேணுகின்றனர்.

வீடுகளில் பெரும்பாலானவை சக்கர வீடுகள். இரும்புச் சட்டத்தின்மேல் மரத்தாலும் தகரத்தாலும் கட்டி, டிரக் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துவருவர். இடம் சேர்ந்ததும் ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரங்கள் மேலே எழும். வீடு மெல்லத் தாழ்ந்து பனிக்கட்டியின்மேல் அமரும். அடியில் மரக்கட்டைகளை வைத்து, சுற்றிலும் வெண்பனியை வாரி அணைத்துவிட்டால் காற்று புகாது. தரையிலேயே வட்டமான துளைகள் உண்டு. மூடியைத் திறந்து, துளைக்கருவியால் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டிலை இறக்க வேண்டியதுதான். அடுப்பு, படுக்கை, எரிவாயுக் கணப்பு எல்லாம் உள்ளே இருக்கும். கணப்பிலிருந்து வரும் நச்சுவாயு மணமற்றது. உறங்குவோரை ஓசையின்றிக் கொல்வது. ஆகவே அதை அறிவிக்கும் கருவியின்றி எவரும் உள்ளே இரவு தங்கக்கூடாது.

அவர்கள் நாடும் மீனுக்கு வாலை என்று பெயர். ஒலி நம் கடற்கரை வாளையை நினைவூட்டினாலும் இரண்டுக்கும் உறவில்லை. கண்ணாடிபோல் ஒளிரும் கண்ணுடையது. மங்கிய ஒளியில் நன்கு காண வல்லது. ஆதலால் விடியலிலும் அந்தியிலுமே மிகுதியாகத் தூண்டிலைக் கவ்வும். இம்மீனைத் தூண்டிலால் பிடித்தவர் உண்ணலாம். விற்றல் கூடாது என்பது அம்மாநிலச் சட்டம்.

பனிக்கட்டி எவ்வளவு தடித்தால் போதும்? நடப்பதற்கு 4 அங்குலம் வேண்டும் என்கிறது மாநில இயற்கை வளத்துறை. கனத்த டிரக் வண்டி சக்கர வீட்டை இழுத்துச் செல்வதற்கு 20 அங்குலமும் அதற்கு மேலும் வேண்டும். இவை புதிய, தெளிந்த கட்டிக்குரிய அளவுகள். வெண்பனியும் நீரும் கலந்து உறைந்த வெண்ணிறக் கட்டிக்கு வலிமை குறைவு. அதற்கு இரு மடங்கு தடிப்பு தேவை. இத்தனைக்கும் பிறகு, எந்தக் கட்டியும் முற்றிலும் பாதுகாப்பானதன்று என்றும் அத்துறை சொல்கிறது. 2022 நவம்பர் 28-ஆம் நாள் வடக்கே அப்பர் ரெட் ஏரியில் பனித்தகடு கரையைவிட்டுப் பிரிய, ஏறத்தாழ 200 பேர் அதன்மேல் சிக்கினர். மறு ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அதே ஏரியில் மீண்டும் 122 பேர் மீட்கப்பட்டனர். அந்த 2023–24 குளிர்காலம், மினசோட்டாவில் பதிவானவற்றுள் மிக வெப்பமானது.

குளிர் நாட்டில் வெண்பனி மிகுந்தால் பனிக்கட்டி தடிக்கும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மை அதற்கு நேர்மாறானது. வெண்பனி ஒரு கம்பளம். அது மூடிய இடத்தில் மேலிருக்கும் கடுங்குளிர் கீழே இறங்காது, கட்டி வளராது. அதனிலும் பெரிய தீங்கு அதன் கனம். பனிக்கட்டி பன்னிரண்டில் ஒரு பங்கே நீருக்கு மேலே நிற்கும். 24 அங்குலத் தகடு நீர்மட்டத்துக்கு மேல் காட்டுவது 2 அங்குலந்தான். புதுப்பனி பத்து அங்குலம் உருகினால் ஏறக்குறைய ஓர் அங்குல நீர் ஆகும். எனவே இருபது அங்குலம் பனி பெய்தால் தகடு முழுவதும் நீர்மட்டத்துக்கு அமுங்கிவிடும். அதன்பின் விரிசல்கள் வழியாகவும், தூண்டில் துளைகள் வழியாகவும் ஏரிநீர் மேலே ஏறும். ஏறிய நீர் உறைவதுமில்லை; கம்பளம் மூடியிருக்கிறதே! மேலே பார்த்தால் தூய வெண்பனி. காலை வைத்தால் முழங்கால் வரை பனிச்சேறு. வண்டி இறங்கினால் அவ்வளவுதான். சாலையோரம் ஒதுக்கிய பனிக்குவியலும் தன் கனத்தால் தகட்டை அமுக்கும். ஆதலால் விடுதிக்காரர் சாலையை அவ்வப்போது இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கிறது.

2022–23 குளிர்காலம் மினியாப்பொலிஸ் பகுதியில் பனிப்பொழிவில் மூன்றாவது இடம் பெற்றது. மொத்தம் 90 அங்குலத்துக்கும் மேல். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன், பிப்ரவரி 22, பெரும் புயலின் நடுவே வந்தது. மாநிலத்தின் தென்பாகத்தில் மார்ச் முதல் திங்கட்கிழமை நள்ளிரவுக்குள் எல்லா வீடுகளும் ஏரியைவிட்டு நீங்க வேண்டும். அவ்வாண்டு அது மார்ச் 6. தவறினால் வழக்குண்டு, வீட்டைப் பறிமுதல் செய்யவோ அழிக்கவோ அரசுக்கு உரிமையுண்டு. விட்டுவிட்ட வீடு வசந்தத்தில் மூழ்கி நீரைக் கெடுக்கும் அல்லவா?

முதல் வெள்ளியன்று மாலை, எங்கள் உறவினர் குடும்பத்தோடு அவர்கள் பங்கின் மீன் விருந்துக்குச் சென்றோம். தவக்கால வெள்ளிகளில் பங்கு மண்டபத்தில் மீன் பொரித்து விற்று, அப்பணத்தைப் பங்குத் தேவைகளுக்குச் செலவிடுவது அந்நாட்டு வழக்கம். வாயிலில் அமர்ந்து சீட்டு விற்றவர் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர். உறவினரின் குழந்தைகள் அவரைத் தாத்தா என்றே அழைக்கின்றனர். அவரும் அச்சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறார். அவருடைய சக்கர வீடு இன்னும் ஏரிமேல் இருந்தது. மனைவிக்கு அறுவை மருத்துவம். மூன்று வாரங்களாக அவர் ஏரிப்பக்கம் போகவில்லை. அதற்குள் புயல் வந்து, வீட்டருகே சென்ற சாலையும் மூடிப்போயிற்று. தம் கையால் கட்டிய வீடு. 16 அடி நீளம், 8 அடி அகலம், இரண்டு டன் எடை. உதவி கேட்க அவர் நாணினார் போலும். மீனுக்கு உப்புப் போதுமா என்பதுபோல் பேச்சோடு பேச்சாகவே சொன்னார். பொரித்துக்கொண்டிருந்தவர்களில் நால்வர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாளை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டனர். இளைஞர் இருவர் விருந்து முடியும்வரைகூட நிற்கவில்லை. பனிச்சறுக்கு மோட்டார் வண்டிகளோடு அன்றிரவே ஏரிக்குப் புறப்பட்டுவிட்டனர்.

அவர்கள் சென்ற காரணம் மறுநாள் விடியலில்தான் எங்களுக்கு விளங்கியது. ஒதுக்கிய சாலை முடியும் இடத்திலிருந்து வீடு முந்நூறு அடி எடுத்துவைக்கும் தொலைவில் இருந்தது. இடையே தொடையளவு வெண்பனி, அதனடியில் சேறு. இளைஞர்கள் அந்தத் தடத்தில் இரவெல்லாம் போயும் வந்தும் பனியை மிதித்து இறுக்கியிருந்தனர். இறுகிய பனி கம்பளமாவதில்லை. குளிர் கீழே இறங்கி, சேறு உறைந்து, காலைக்குள் ஒரு பாதையாகிவிட்டது. வெயில் ஏறினால் அப்பாதை மீண்டும் இளகும். ஆகவே ஆறு மணிக்கே வேலை தொடங்கிற்று.

வண்டிகள் ஏரியில் இறங்கும்போது கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இருக்கைப் பட்டைகளைக் கழற்றச் சொன்னார்கள். வண்டி மூழ்கினால் வெளியேற வேண்டுமே! ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவு விட்டு, நடை வேகத்தில் சென்றோம். விரைந்தால் தகட்டின் அடியிலுள்ள நீரில் அலை எழும். கரையருகே அந்த அலையே கட்டியை உடைத்துவிடும். விடுதிக்காரர் முன்னே சென்று இடத்துக்கிடம் துளைத்து அளந்தார். 25 அங்குலம், அதில் மேல் ஏழெட்டு அங்குலம் வெண்ணிறக் கட்டி. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, போகலாம் என்றார்.

வீட்டைக் கண்டதும் தச்சருக்குப் பேச்சு எழவில்லை. மேலேறிய நீர் சட்டத்தைச் சுற்றி ஒரு சாண் உயரம் உறைந்து வீட்டைக் கவ்வியிருந்தது. உளிபோன்ற நுனியுள்ள கடப்பாரைகளால் ஒரு பக்கத்தைக் கொத்தினர். மறுபக்கத்தை மரம் அறுக்கும் விசைவாளால் கீறினர். ஆழமாக வெட்டினால் நீர் பொங்கும். மேலோட்டமாக வெட்டினால் சட்டம் விடுபடாது. இரண்டு மணி நேரம் சென்றது. பிறகு அகலப் பலகைமேல் ஜாக்கியை நிறுத்தி மூலைக்கு மூலை சிறிது சிறிதாகத் தூக்கினர். பலகை இல்லாவிடில் ஜாக்கி கட்டியில் புதைந்துவிடும். சக்கரத்தைத் தாழ்த்தக் கைப்பிடியைச் சுழற்றியபோது வலப்பக்கம் இறங்கிற்று, இடப்பக்கம் அசையவில்லை. அச்சுக்குள் நீர் புகுந்து உறைந்திருந்தது. ஓர் அம்மையார் உள்ளேயிருந்த அடுப்பில் பனியை உருக்கிக் கொதிக்கவைத்துக் கொடுக்க, ஏழெட்டுக் கெண்டி வெந்நீர் ஊற்றிய பின் அச்சு மனமிரங்கிற்று.

ஆழ்பனியில் சக்கரம் என்பதே ஒரு பிழை. குறுகிய சக்கரம் கத்திபோல் இறங்கும். வீட்டின் வயிறு பனியில் படியும். படிந்த வயிறு பனியை முன்னே தள்ளித் தள்ளித் தனக்குத்தானே சுவர் எழுப்பிக்கொள்ளும். ஆகவே சக்கரங்களின் கீழே அகன்ற சறுக்குப் பட்டைகளைக் கட்டினர். இழுப்பதற்கு வந்ததும் சக்கர வண்டியன்று. சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அகன்ற இரப்பர்ப் பட்டைச் சங்கிலிகள் பூண்ட டிரக்.

இவ்வாறு பட்டைமேல் ஓடும் பனி வண்டிகளுக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையான ஒருவரைப்பற்றி இங்கே சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் 1907-இல் பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, இளமையில் குருமடப் பள்ளியில் பயின்றவர். மனமோ இயந்திரங்களில் இருந்தது. பதினைந்து வயதிலேயே பழைய மோட்டார் எந்திரத்தைச் சறுக்கு வண்டியில் பூட்டி ஓட்டிக் காட்டியவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் நோய் கண்டது. மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால். வழியெங்கும் பனி, எந்த வண்டியும் போகாது. தந்தை உருவாக்கிக்கொண்டிருந்த பனிவண்டியோ பட்டறையில் பிரித்துப் போட்ட நிலையில் கிடந்தது. குழந்தை இறந்துபோயிற்று. அத்துயருக்குப்பின் அவர் அயரவில்லை. 1937-இல் பல்சக்கரமும் பட்டையும் கொண்டு பனிமேல் ஓடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய வண்டிகள் மருத்துவரையும் குருவானவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. 1959-இல் ஸ்கீ-டூ என்னும் சிறுவண்டியைச் செய்து, வட ஒன்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற தொலைவூரில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு, தம் நண்பர் மோரிஸ் வீமே அடிகளாரிடம் அதைக் கொண்டு சென்றார். அதுவரை அடிகளார் தம் மக்களைக் காணச் சென்றது நாய்கள் இழுத்த வண்டியில். முந்திய இரவு எங்களுக்குப் பாதை சமைத்துத் தந்தவை அந்தச் சிறுவண்டியின் வழிவந்தவையே.

ஏரிக்கு வருவோம். டிரக்கையும் வீட்டையும் நாற்பதடி நீளப் பட்டையால் இணைத்தனர். இரண்டின் கனமும் ஒரே இடத்தில் விழலாகாது என்பதே இதன் உட்பொருள். தச்சர் முன்னே பின்புறமாக நடந்து கையசைத்தார். தேருக்குச் சறுக்குக்கட்டை போடுவோர்போல் இருபுறமும் இருவர் பலகையோடு நடந்தனர். வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க, சட்டம் முனகி, வீடு நகர்ந்தது. நூறு அடி எளிதாயிற்று. பாதி வழியில் இறுகிய மேலோடு உடைந்து இடச்சக்கரம் சேற்றில் இறங்கி, வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருளும் ஓசை கேட்டது. கருநிற நீர் எங்கள் காலணிகளைச் சுற்றிப் பரவியது. உண்மையைச் சொன்னால், அச்சமயம் கரை எங்கே என்றுதான் எங்கள் கண்கள் தேடின. அவர்களோ இழுப்பதை உடனே நிறுத்திப் பட்டையைக் கழற்றினர். சாய்ந்த நிலையில் இழுத்திருந்தால் அச்சு ஒடிந்திருக்கும். எல்லாரையும் ஒருபுறம் கூடி நில்லாமல் பிரிந்து நிற்கச் சொன்னார் விடுதிக்காரர். பலகை, ஜாக்கி, மீண்டும் பலகை; பள்ளத்தில் உலர்ந்த வெண்பனியை வாரி மிதித்து மிதித்து அடைத்தனர். அந்நூறடியைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. பெரும்பாலும் பேசவே இல்லை.

சாலையை அடைந்தபின் தச்சரின் சொந்த டிரக் வீட்டை ஏற்றுக்கொண்டது. விரிசல்மேல் இட்ட பாலத்தை மற்ற அனைவரும் நடந்தே கடந்தோம். அவர் ஒருவரே கதவைத் திறந்துவைத்தபடி ஓட்டிவந்தார். கரையேறியபோது மணி ஒன்று. அத்தோடு முடிந்தது என்று நாங்கள் எண்ண, அவரும் இளைஞரும் சிறுவண்டியில் திரும்பிப் போய், உறைந்து கிடந்த மரக்கட்டைகளையும், தரைத்துணுக்கு வரை எல்லாக் குப்பையையும் பொறுக்கிவந்தனர். ஏரிமேல் ஒரு நீள்சதுரத் தழும்பும், மூடிக்கொண்டுவரும் நான்கு துளைகளுமே எஞ்சின.

அன்று மாலை ஞாயிறு முன்தினத் திருப்பலியில் அவர்களை மீண்டும் கண்டோம். காற்றடித்துச் சிவந்த முகங்களோடு ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர். தவக்காலம் இரண்டாம் ஞாயிறு ஆகையால் ஆண்டவர் உருமாறிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. மலையுச்சியில் மூன்று கூடாரங்கள் அமைக்கட்டுமா என்று இராயப்பர் கேட்கும் இடம் வந்ததும், அவ்வரிசையில் ஒருவர் தச்சரை முழங்கையால் இடிக்க, அவர் இருமலால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். பலி முடிந்து வெளியே வந்தபோது அடுத்த வேலையைப் பேசிக்கொண்டிருந்தனர்: ஏரியின் மேற்குப்புறத்தில் இன்னொருவரின் வீடு சேற்றில் இருக்கிறதாம், திங்களுக்குள் எடுக்க வேண்டும், பலகை எவரிடம் இருக்கிறது?